முள்ளிக்குறிச்சிச் சரி

முள்ளிக்குறிச்சியில் சாயங்காலம் ஆறரை மணிக்குத் தெருவில் நடந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழும். சரி. அடுப்படியிலிருந்து, மாடியிலிருந்து, கதவு சாத்திய குளியலறையிலிருந்து. "சரி", "சரிப்பா", "சரி சரி", "அட, சரிங்கிறேன்ல." ஐந்தே நிமிஷத்தில் ஊர் ஓட்டுப் போட்டு முடித்திருக்கும். அப்புறம் தொலைக்காட்சிச் சத்தம் ஆரம்பிக்கும்.

நாள்வாக்குச் சட்டம் வந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்வதெல்லாம் போய், ஓட்டு வீட்டுக்கே வந்து சுவரில் உட்கார்ந்துகொண்டது. கேள்பெட்டி என்று அதற்குப் பெயர். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தினமும் ஊர் விஷயமாக ஒரு கேள்வி கேட்கும். மாதக் கடைசியில் மட்டும் கூடுதலாக இன்னொன்று: இந்த அரசு தொடரலாமா? 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது, பெட்டி மக்களிடம் கேட்கும், மக்கள் சொல்வதையும் கேட்கும் என்று சட்டம் எழுதியவர்கள் மேடைக்கு மேடை பெருமையடித்தார்கள். முதல் வேலையை அது ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை.

"சரி" என்றால் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். "வேண்டாம்" என்றுவிட்டால் வந்தது வினை. ஏன் வேண்டாம், மூன்று காரணம் சொல்லுங்கள் என்னும். சொன்னால், அரசுத் தரப்பு விளக்கத்தை ஏழு நிமிஷம் வாசிக்கும். வாசித்துவிட்டு முதலிலிருந்து கேட்கும். மக்கள் யோசித்து வாக்களிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடு அது. நூல் மில் பஸ் ஊருக்குள் வருவதே ஆறு மணிக்கு. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து உலை வைக்கிற பெண்ணுக்கு யோசிக்க எங்கே தெம்பு இருக்கிறது? சரி என்று சொல்லிவிட்டு அரிசி களைவாள்.

இப்படிச் சொல்லிச் சொல்லியே மாவட்டத்துக் குப்பையெல்லாம் முள்ளிக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தது. பாசஞ்சர் ரயில் நிற்காமல் போனது. மேல்நிலைப் பள்ளியின் அறிவியல் வகுப்பு பக்கத்து ஊருக்கு மாறியது. எல்லாம் ஊரின் முழுச் சம்மதத்தோடு.

ஆளுகிற கட்சிக்கு எந்த ஊரில் எவ்வளவு ஆதரவு என்று காட்டுகிற சாய்வு அட்டவணையில் இந்த ஊர் ஒரு அதிசயம். ஏணிக் கட்சி ஆண்டபோது ஆட்சிக்கு ஆதரவு தொண்ணூற்றாறு விழுக்காடு. ஏணி கவிழ்ந்து குடைக் கட்சி வந்தது. ஆதரவு தொண்ணூற்றாறு. குடை மடங்கி மறுபடியும் ஏணி வந்தது. அதே தொண்ணூற்றாறு. பெட்டி வருவதற்கு முன்னால் கிழக்குத் தெரு ஏணி, பஜார் குடை, காலனி இரண்டும் இல்லாமல் தனி என்று இருந்த ஊர்தான். தேர்தலுக்குத் தேர்தல் மண்டை உடையும், அதை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை. இப்போது இரண்டு கட்சியும் முள்ளிக்குறிச்சி எங்கள் கோட்டை என்றன. கோட்டைக்கு எதற்கு ரோடு போட வேண்டும்? இரண்டு பேரும் எட்டிப் பார்க்கவில்லை. 'நல்லிணக்கப் பேரூராட்சி' என்று ஒரு கேடயம் மட்டும் வந்தது.

மரியபுஷ்பத்துக்கு இந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பெட்டி மேற்பார்வையாளர் என்று அடையாள அட்டையில் இருக்கும், ஊரில் பெட்டிக்காரம்மா. வயது ஐம்பத்தொன்று. பல்லி முட்டையைச் சுரண்டுவது, பேட்டரி மாற்றுவது, பேரன் பிடுங்கிப் போட்டதைத் திரும்ப மாட்டுவது என்று வீடு வீடாக அலைவாள். அவள் கணவன் சிலுவைதாசன் முன்பு பம்புசெட் மெக்கானிக். இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி, ஊர் அரசு ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அங்கே நான்கு மிஷின். அந்த நான்கையும் நம்பி அந்த ஊரில் பதினோரு உயிர்.

அடுத்த மாதக் கேள்விகளின் பட்டியல் அவளுக்குத்தான் முதலில் வரும். பதினான்காம் தேதி, வியாழக்கிழமைக்கு நேரே இப்படி இருந்தது: 'டயாலிசிஸ் மையத்தை மாவட்டத் தலைநகருக்கு மாற்றிச் சிறப்புற நடத்தலாமா?'

அவள் நின்றபடியே அதை நான்கு தடவை படித்தாள். தலைநகர் அறுபத்திரண்டு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். போக இரண்டரை மணி நேரம், மிஷினில் நான்கு மணி நேரம், வர இரண்டரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை. மிஷினிலிருந்து இறங்கினால் சிலுவைதாசனுக்கு நடுக்கம் எடுக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வீடு வந்து சேர்வதற்குள்ளேயே இரண்டு தடவை வாந்தி எடுப்பான். பஸ்ஸில் போனால் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டான். இதைக் கணக்குப் போட அவளுக்கு எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை.

அன்றைக்கே கிளம்பினாள். ஒன்பது நாளில் முந்நூறு வீடு ஏறி இறங்கினாள். பதினான்காம் தேதி பெட்டி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணம் கேட்டால் இதை வாசியுங்கள் என்று துண்டுச்சீட்டு அச்சடித்துக் கொடுத்தாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், அண்ணன் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள், சீட்டை வாங்கி டிவி மேலே வைத்தார்கள். எல்லாரும் சரிக்கா என்றார்கள். ஒன்பதாம் நாள் கடைசி வீட்டில் ஒரு பெண், இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல், "சரிக்கா" என்றாள். தினமும் ஆறரை மணிக்கு மரியபுஷ்பம் கேட்கிற அதே குரல்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். எத்தனை பேர் ஒத்துக்கொண்டார்கள் என்று சிலுவைதாசன் கேட்டான்.

"எல்லாரும் சரின்னுட்டாங்க."

"அப்போ போச்சு" என்றான் அவன்.

அன்றைக்குத்தான் அவள் வாக்கியல் துறைக்கு மனு எழுதினாள். இரண்டே வரி. 'எங்கள் ஊரில் சரி என்றால் சம்மதம் என்று பொருள் இல்லை. காதில் விழுந்தது, போதும், நிறுத்து என்று பொருள்.' பதில் வரும் என்று அவள் நம்பவில்லை. ஒன்பது வருஷம் அரசு வேலை பார்த்தவளுக்கு அந்த நம்பிக்கை இருந்தால்தான் ஆச்சரியம்.

பதில் வரவில்லை, ஆளே வந்தான். நித்திலன் என்று பெயர். துறையின் மொழிப்பிரிவில் அலுவலர், முப்பது வயசு இருக்கும், தோளில் ஒரு பை. முள்ளிக்குறிச்சியின் தொண்ணூற்றாறு அவனுக்கு நெடுநாளாகத் தூக்கத்தைக் கெடுத்த விஷயமாம். மழை இல்லாத பூமி, அதனால் அதிகாரத்துக்குப் பணிகிற மனசு என்று ஒரு கட்டுரையே எழுதிவைத்திருந்தான். மரியபுஷ்பம் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பணிவெல்லாம் இல்லை சார், அலுப்பு என்றாள். அவன் நம்பவில்லை. அலுப்பு ஒரு அரசியல் நிலைப்பாடு ஆகாது என்றான்.

நான்காம் நாள் காலையில் குளிரில் உதடு வெளுத்துப்போய் வந்து நின்றான்.

"மேடம், லாட்ஜ்காரர்கிட்ட வெந்நீர் வேணும்னு நாலு நாளா சொல்றேன். சரி சார், சரி சார்ங்கிறார்."

"வெந்நீர் வந்துச்சா?"

"இல்ல."

"அவ்வளவுதான் சார் விஷயம்" என்றாள் மரியபுஷ்பம்.

அன்றிலிருந்து அவன் மேடத்தை விட்டு அக்காவுக்கு வந்தான். அவளும் சாரை விட்டுத் தம்பிக்கு வந்தாள். டீக்கடையில், மில் பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில் பக்கத்தில் உட்கார வைத்து அவனுக்குக் காது பழக்கினாள். மாமியார் பேச்சை முடிக்கச் சொல்கிற சரி ஒன்று, அது கடைசியில் இழுக்கும். போனை வைக்கப் போகிற சரி குட்டையாக விழும். சரிதான் என்றால் நடக்காது. சரி பார்ப்போம் என்றால் நிச்சயமாக நடக்காது. சரி விடு என்றால் மனசு உடைந்திருக்கிறது, அங்கே மேற்கொண்டு பேசக்கூடாது. அவன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டான், சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டான். பெட்டி வார்த்தையைக் கேட்கிறது, தொனியைக் கேட்கவில்லை, தப்பு அங்கேதான் என்று பிடித்துவிட்டான்.

தொனிமானி என்று ஒன்று துறையிலேயே தயாராக இருந்ததாம். குரலில் விருப்பம் எவ்வளவு, அலுப்பு எவ்வளவு என்று அது பிரித்துவிடும். ஒன்பது வருஷக் குரல்பதிவுகளைக் கொடுத்து இந்த ஊருக்கென்று அதைப் பழக்கி, முள்ளிக்குறிச்சிப் பெட்டிகளில் மட்டும் சேர்க்கலாம் என்றான். அலுப்பில் சொன்ன சரி இனிமேல் மறுப்பு. விருப்பத்தோடு சொன்ன சரிதான் சம்மதம்.

மரியபுஷ்பம் இன்னொன்றும் கேட்டாள். எங்கள் ஆட்களால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல முடியாது தம்பி, நாக்கு வராது, பெட்டிக்கும் ஒரு முகம் இருப்பதாகத்தான் நினைத்துப் பேசுகிறார்கள். அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள், மையம் இங்கேயே இருக்கட்டுமா என்று கேளுங்கள், மனசாரச் சரி என்பார்கள். அவன் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்றான். இரண்டு கோரிக்கையும் ஒரே தாளில் அச்சாகி வந்தன. 'முள்ளிக்குறிச்சி மக்கள் இயல்பாகச் சொல்லும் சரி சம்மதத்தைக் குறிப்பதில்லை எனச் சான்றளிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே மரியபுஷ்பம் கையெழுத்துப் போட்டாள். மூன்று வருஷத்தில் அவள் அவ்வளவு நிம்மதியாக எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

திருத்தம் ஒன்றாம் தேதி அமலுக்கு வந்தது. அன்றைக்கே சாய்வு அட்டவணையைப் பழைய பதிவுகளோடு சேர்த்து மறுபடியும் கூட்டினார்கள். தொண்ணூற்றாறாக இருந்த ஆதரவு நான்கானது. ஏணி ஆண்டபோதும் நான்கு, குடை ஆண்டபோதும் நான்கு. ஒன்பது வருஷமாக யாரையுமே பிடிக்காத ஊர் என்று பத்திரிகைகள் எழுதின.

ஏணிக் கட்சியின் பேரூர்ச் செயலாளர் வெயிலுகந்தான் மத்தியானமே மரியபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்துவிட்டார். அறுபதைத் தாண்டிய மனிதர், வேட்டி எல்லாம் வியர்வை. தலைமையிலிருந்து போன் மேல் போன், கோட்டை எங்கேடா என்று கேட்கிறார்கள், நீ ஒருத்தி போட்ட கையெழுத்தில் என் முப்பது வருஷ உழைப்பு போச்சு என்று கொட்டித் தீர்த்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நானும்தானே மாசா மாசம் சரின்னு சொன்னேன். என் ஓட்டு என்ன ஆச்சு?"

அவள் தன் கைக்கருவியை நீட்டினாள். அவர் குரலைக் கொடுத்ததும் அவருடைய பதிவு மட்டும் திறந்தது. ஒன்பது வருஷம், நூற்றெட்டு மாதம், நூற்றெட்டும் மறுப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "என்னமோ, அது வாஸ்தவம்தான்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பதினான்காம் தேதி வந்தது. வியாழக்கிழமை. மரியபுஷ்பம் மூன்று நாளாக மறுபடியும் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தாள். இந்தத் தடவை சீட்டுக் கிடையாது, காரணம் கிடையாது. சரி என்று சொன்னால் போதும், ஆனால் மனசார. அதுவா, அதைத்தானே தினமும் சொல்கிறோம் என்று சிரித்தார்கள். இஸ்திரி போட்ட பெண் தலையைத் தூக்கி, "அண்ணனுக்காகச் சொல்ல மாட்டோமாக்கா?" என்றாள். மரியபுஷ்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் சிலுவைதாசன் மிஷினிலிருந்து இறங்கினான். வீட்டுக்கு வந்து இரண்டு போர்வை போர்த்திக் கட்டிலில் சுருண்டு கிடந்தான். ஆறரைக்குப் பெட்டி விழித்துக்கொண்டது. "சிலுவைதாசன் அவர்களே, டயாலிசிஸ் மையம் முள்ளிக்குறிச்சியிலேயே தொடரலாமா?" அவன் போர்வைக்குள்ளிருந்து சரி என்றான். அடுத்து அவளைக் கேட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பெட்டி உருப்படியாக ஒன்று கேட்கிறது என்று அவள் நினைத்தாள். சரி என்றாள். வாசலுக்கு வந்து நின்றாள். தெரு முழுக்க அந்த வார்த்தைதான். எதிர் வீட்டிலிருந்து, மாடியிலிருந்து, மெத்தைக்கடையிலிருந்து. அடுத்த வீட்டுக்காரி மதில் மேலாக எட்டிப் பார்த்து, சொல்லிவிட்டோம் அக்கா என்று கையை ஆட்டினாள். மரியபுஷ்பம் உள்ளே வந்து, இன்றைக்கு ரவைக் கஞ்சியில் கொஞ்சம் நெய் விடட்டுமா என்று கணவனைக் கேட்டாள்.

ஏழு மணிக்கு முடிவு வாசித்தார்கள். மையம் தொடர்வதை முள்ளிக்குறிச்சிப் பேரூராட்சி தொண்ணூற்று மூன்று விழுக்காட்டு வாக்குகளால் மறுத்தது.

அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கைக்கருவியை எடுத்தாள். தன் வீட்டுப் பதிவைத் திறந்தாள். சிலுவைதாசன்: மறுப்பு. மரியபுஷ்பம்: மறுப்பு.

அரை மணி நேரம் கழித்து நித்திலனே கூப்பிட்டான். அதற்குள் அவளுக்குள் இருந்த அழுகை போய்க் கோபம் வந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரர் அவர் படுக்கிற மிஷினே வேண்டாம்னு சொன்னாராம் தம்பி. உங்க மானி அப்படித்தான் கேட்டுதாம். நல்லா இருக்கா?"

அவன் மெதுவாக விளக்கினான். மானியில் பழுது இல்லை. ஒன்பது வருஷப் பதிவில், எட்டாயிரம் பேர் குரலில், விருப்பத்தோடு சொன்ன சரி என்று எடுத்துக்காட்ட ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆதரவாக விழுந்த கொஞ்ச வாக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுடைய குரல். வெளியூர்க் குரல்களை வைத்துத்தான் விருப்பத்துக்குக் கோடு போட்டிருந்தார்கள்.

"இன்னைக்கு உங்க ஊரு சொன்னதைத் தனியா எடுத்துப் பார்த்தேன்க்கா. தினமும் சொல்றதைவிட ஒரு புள்ளி மேலதான் இருக்கு. உங்க ஊரு சந்தோஷம் மத்த ஊரு அலுப்பைவிடக் கீழ இருக்கு."

மேல்முறையீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது என்றான். எட்டு மணிக்குள், இந்த ஊர்க் குரலில், விருப்பத்தோடு ஒரே ஒரு சரி மாதிரியாகக் கொடுத்தால் போதும். அதை வைத்து அந்த விருப்பக் கோட்டைக் கீழே இறக்கி எல்லா வாக்கையும் மறுபடி கேட்கச் சொல்லலாம். மாதிரி எடுக்க அவள் வீட்டுப் பெட்டியை அங்கிருந்தே திறந்துவிட்டான். "நீங்களே சொல்லுங்கக்கா. ஒண்ணு போதும்."

அவள் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். சரி என்றாள். அலுப்பு, தொண்ணூற்றொன்று என்று பெட்டியின் சின்னத் திரையில் வந்தது. குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னாள். யாரையோ ஏசுவது போல இருந்தது. அலுப்பு, எரிச்சல் என்று வந்தது. சந்தோஷமாக எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்றான் நித்திலன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் தடவை மிஷினிலிருந்து இறங்கிய அன்றைக்குச் சிலுவைதாசன் பசிக்கிறது என்று சொல்லி நான்கு இட்லி சாப்பிட்டான். ஒரு மாதமாகத் தண்ணீர்கூட இறங்காத மனுஷன். அதை நினைத்துக்கொண்டே சரி என்றாள். அலுப்பு, எண்பத்தேழு.

சிலுவைதாசன் நான் சொல்லிப் பார்க்கிறேன் என்று எழுந்து வந்தான். போர்வையோடு பெட்டிக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, சரி என்றான். அலுப்பு, தொண்ணூற்றெட்டு. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் இருமல் பிடித்துக் கட்டிலுக்குத் திரும்பினான். எதிர் வீட்டில் போய்க் கேட்கலாமா என்று அவள் நினைத்தாள். எதிர் வீட்டுக் குரல் அவளுக்குத் தெரியாததா?

மணி எட்டானது.

திங்கட்கிழமை மிஷின்களை ஏற்ற லாரி வரும் என்றான் நித்திலன். தலைநகருக்கு முதல் பஸ் ஐந்து பத்துக்கு. ஆம்புலன்ஸுக்கு ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்று மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னான். அவன் குரலும் தேய்ந்துபோயிருந்தது. நல்ல பையன்தான், அவன் மேல் அவளுக்குக் கோபம் மிச்சமில்லை.

"சரி தம்பி" என்றாள் மரியபுஷ்பம்.

திறந்துவிட்ட பெட்டியை அவன் இன்னும் மூடவில்லை. அவள் சொன்னது அதன் காதில் விழுந்தது. மறுப்பு என்று எழுதியது. இந்தத் தடவை அது தப்பாகக் கேட்கவில்லை. வாக்கு நேரம் முடிந்துதான் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.